வாசலுக்கு வெளியே பூண்டுப் பானை

உமையாள் அம்மையின் மடத்தில் பூண்டு வாசற்படியைத் தாண்டக் கூடாது.

வாசலுக்கு வெளியே புன்னை மரத்தடியில் மருந்துக் கொட்டகை இருந்தது. நான்கு கம்பம், மேலே ஓலை, சுவர் கிடையாது. அங்கே ஒரு பானை நிறையப் பூண்டு வைத்திருந்தார்கள். நெஞ்சில் சளி கட்டியவருக்குப் பாலில் வேகவைத்துக் கொடுப்பார்கள். வயிறு உப்பியவருக்குத் தணலில் சுட்டுக் கொடுப்பார்கள். சேற்றுப்புண்ணோடு வரும் உழவருக்கு நல்லெண்ணெயில் காய்ச்சித் தடவுவார்கள். மருந்து கொடுத்தவர் ஆற்றில் மூழ்கி எழுந்துதான் உள்ளே வரவேண்டும்.

வாசலுக்கு வெளியே அது மருந்து. உள்ளே அது மாசு. நடுவில் இருந்த படியின் உயரம் ஒரு சாண்.

இந்த ஏற்பாட்டில் யாரும் குறை கண்டதில்லை. நோயாளிகள் எப்போதும் வெளியிலிருந்துதான் வந்தார்கள்.

விரூபாட்சர் மட்டும் உள்ளிருந்து வருவார். அவர் பூசைக்குப் பொறுப்பாளர். விதிகளை மனப்பாடமாக அறிந்தவர். வாயுத் தொல்லை உடையவர். வெள்ளிதோறும் கொட்டகைக்கு வந்து நான்கு பல் சுட்ட பூண்டைத் தின்பார். பிறகு ஆற்றில் மூன்று முறை மூழ்குவார். மூழ்கினால் வயிறும் கழுவப்பட்டுவிடும் என்று எல்லாரும் ஒப்புக்கொண்டிருந்தார்கள்.

மருந்துக் கொட்டகையும் மடைப்பள்ளியும் சிற்றம்பலத்தின் பொறுப்பு. அவருக்கு வயது ஐம்பத்தெட்டு. அம்மையைவிடப் பதினான்கு வயது மூத்தவர். மனைவி இறந்தபின் இங்கே வந்து, அம்மையைக் குருவாகக் கொண்டு பதினோரு ஆண்டுகள் ஆகியிருந்தன. இந்தப் பதினோரு ஆண்டுகளில் அவர்மீது ஒருவரும் ஒரு சொல் சொன்னதில்லை. அதை அவர் அறிந்திருந்தார். அறிந்திருப்பதை வெளியே காட்டாமல் இருக்கவும் அறிந்திருந்தார்.

அந்த ஐப்பசியில் மழை விடாமல் பிடித்துக்கொண்டது. மடத்து மாடுகளைப் பார்த்துக்கொள்ளும் ஒச்சம்மாள், தொழுவத்தை ஒட்டிய அறையில் ஒரு பெண்குழந்தையைப் பெற்றாள். முப்பத்தாறு வயதில் முதல் பிள்ளை. நாள் முந்தியே வந்துவிட்டது. கணவன் மலைத்தோட்டத்து வேலைக்குப் போயிருந்தான். ஆற்றில் வெள்ளம்; பரிசல் ஓடவில்லை. அவனும் வர முடியாது, அவளுடைய அக்காள் வந்து பத்தியம் பொங்கிப் போடவும் முடியாது.

எட்டாம் நாள் குழந்தையின் அழுகை மடைப்பள்ளிவரை கேட்டது. பத்தாம் நாள் தொழுவத்தைத் தாண்டவில்லை.

சிற்றம்பலம் சோற்றுக் கிண்ணத்தோடு போய்ப் பார்த்தார். முந்தைய வேளைக் கிண்ணம் தொடப்படாமல் இருந்தது.

"ஏன் உண்ணவில்லை?"

"எறங்கல, சாமி."

"பூசணிக்காய்க் கூட்டு. மோர். பருப்பு. எல்லாம் நல்ல உணவுதானே?"

"விரதம் இருக்கிறவுகளுக்கு நல்லதுதான். நான் விரதமா இருக்கேன்? பிள்ளை பெத்திருக்கேன்."

குழந்தை அவள் மடியில் வாயைத் திறந்து மூடியது. சத்தம் வரவில்லை.

"பசும்பாலைச் சங்கில் கொடுத்துப் பார்த்தாயா?"

"குடிச்சதைக் கக்கிடுது. எனக்குப் பால் ஊறணும், சாமி. நான் தின்னாத்தான் அது நடக்கும்."

"என்ன வேண்டும், சொல்."

"பூண்டு. பதினஞ்சு பல்லு. நல்லெண்ணெயில பொன்னாட்டம் வதக்கணும், கருகிச்சுன்னா கசக்கும். ரெண்டு பல்லை மட்டும் தட்டிப் போடணும். மிளகு, சீரகம் அரைச்சு ஊத்தி, புளி ரொம்பக் கம்மியா விட்டு, எண்ணெய் மேல மெதக்குற வரைக்கும் சுண்டணும். அது இருந்தா ஒரு சட்டிச் சோறு திம்பேன். எங்க ஊர்ல பிள்ளை பெத்தவளுக்கு மொதல்ல இதைத்தான் வைப்பாக."

"இங்கே அது..."

"தெரியும். வெளிய மருந்து, உள்ள பாவம். பெரிய சாமி வெள்ளிக்கிழமை திங்கிறது என்ன, கல்கண்டா?"

சிற்றம்பலம் பழைய கிண்ணத்தை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

அம்மை தமது அறையில் கூரை ஒழுகும் இடத்தில் பாத்திரம் வைத்துக்கொண்டிருந்தார். சிற்றம்பலம் வணங்கி நின்றார்.

"அம்மை, பூண்டு மருந்தா, மாசா?"

"யாருக்கு?"

"பொதுவாகக் கேட்கிறேன்."

"பொதுவாக ஒருவருக்கும் பசிப்பதில்லை," என்றார் அம்மை. பாத்திரத்தை ஒரு விரல் அளவு நகர்த்தினார். துளி இப்போது நேராக உள்ளே விழுந்தது.

சிற்றம்பலம் ஒச்சம்மாளின் பெயரைச் சொல்லவில்லை. சொன்னால், அவளுக்காகப் பூண்டு கேட்டவர் என்று தம் பெயரும் அதோடு சேர்ந்து நிற்கும்.

அவர் தாமே ஒரு வழி கண்டுபிடித்தார். கொட்டகையில் உட்கார்ந்து பதினைந்து பல் பூண்டை உரித்தார். ஒவ்வொன்றையும் பிளந்து நடுவிலிருந்த பச்சை முளையைக் கிள்ளி எறிந்தார். புளித்த மோரில் ஓர் இரவு ஊறப்போட்டார். காலையில் கழுவிப் பாலில் வேகவைத்தார். பாலை வடித்துக் கொட்டிவிட்டு வேறு பாலில் வேகவைத்தார். இப்படி ஏழு முறை. ஏழாம் முறை முகர்ந்தபோது பால் மணம் மட்டுமே இருந்தது. ஆற்றில் மூழ்கி எழுந்து, ஈர வேட்டியோடு அதைக் கிண்ணத்தில் மூடி எடுத்துக்கொண்டு படியைத் தாண்டினார். நாற்றம் தாண்டவில்லை, ஆகவே பூண்டு தாண்டவில்லை என்று தமக்குச் சொல்லிக்கொண்டார்.

ஒச்சம்மாள் ஒன்றை எடுத்து வாயில் போட்டாள். மென்றாள். நிறுத்தினாள்.

"என்ன சாமி இது?"

"பூண்டு."

"பூண்டா? இது பூண்டோட பொணம். நல்லாக் குளிப்பாட்டிக் கொண்டாந்திருக்கீக."

கிண்ணத்தை அவர் பக்கம் தள்ளினாள். அவள் கண்களின் கீழ் நீலம் படிந்திருந்தது. குழந்தை உறங்குவதுபோல் கிடந்தது. உறக்கம் அல்ல, சோர்வு என்பது அவருக்குத் தெரிந்தது.

சிற்றம்பலம் மறுபடி அம்மையிடம் போனார்.

"பூண்டின் குணம் இருக்கவேண்டும். நாற்றம் மட்டும் போகவேண்டும். ஏடுகளில் இதற்கு வழி உண்டா, அம்மை?"

அம்மை எழுந்தார். குடை எடுத்துக்கொள்ளவில்லை. மழையில் நடந்து, படியை இறங்கி, கொட்டகைக்குப் போனார். சிற்றம்பலம் பின்னால் போனார். அம்மை பானையிலிருந்து ஒரு பல்லை எடுத்து அவர் கையில் வைத்தார்.

"முகர்ந்து பாரும்."

"ஒன்றும் தெரியவில்லை."

"உரித்து முகரும்."

உரித்து முகர்ந்தார். "இப்போதும் பெரிதாக ஒன்றும் இல்லை."

அம்மை அதை வாங்கிக் கல்லில் வைத்துக் குழவியால் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். சிற்றம்பலம் தம்மை அறியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"இது எங்கே இருந்தது?"

"உள்ளே இருந்தது, அம்மை."

"உள்ளேதான் முகர்ந்தீரே."

சிற்றம்பலம் குனிந்து கல்லைப் பார்த்தார்.

"நசுங்காத பூண்டு ஒருவர் மூக்கையும் தொடாது," என்றார் அம்மை. "ஒரு நோயையும் தொடாது."

பிறகு விதிப்படி ஆற்றில் மூழ்கி எழுந்து உள்ளே போனார்.

சிற்றம்பலம் நசுங்கிய பல்லைக் கல்லிலிருந்து வழித்தெடுத்தார். நசுங்க வேண்டியது பூண்டு என்று புரிந்துகொண்டார்.

அன்று பிற்பகல், பூசை மணி அடிக்கும் நேரமாகப் பார்த்து, பதினைந்து பல் பூண்டை வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டு படியைத் தாண்டினார். ஒச்சம்மாளின் அறையில் ஒரு மண்ணடுப்பு இருந்தது. மிளகும் சீரகமும் புளியும் எண்ணெயும் கொண்டுவந்து வைத்தார். சன்னலைச் சாத்தினார். கதவிடுக்கில் ஒரு சாக்கைத் திணித்தார்.

"நீயே வைத்துக்கொள். நான் இங்கே வரவில்லை," என்றார்.

"நீங்க வரல. சரி," என்றாள் ஒச்சம்மாள். "அப்ப உப்பு மட்டும் யாருகிட்ட கேக்குறது?"

உப்பையும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

அவள் உண்டாள். மிஞ்சியதை மறுவேளைக்கும் உண்டாள். மறுநாள் குழந்தை அழுத சத்தம் மடைப்பள்ளிவரை வந்தது. சிற்றம்பலம் அரிசி களைந்துகொண்டிருந்தார். கை நின்றது. அவர் அழுகைக்கு மகிழ்ந்தது வாழ்வில் அதுதான் முதல் முறை.

அதே காலையில் விரூபாட்சர் திருமுழுக்குக்குப் பால் வாங்கத் தொழுவத்துக்குப் போனார். செம்பை முகத்தருகே கொண்டுபோனார். அப்படியே தரையில் வைத்துவிட்டார்.

மடத்திலிருந்த பதினேழு பேரும் கூடத்தில் கூடினார்கள். அம்மை தமது மணையில் உட்கார்ந்திருந்தார். ஒச்சம்மாள் குழந்தையோடு கூடத்தின் வெளி விளிம்பில், தாழ்வாரத்தில் நின்றாள்.

"தொழுவம் முழுக்க நாறுகிறது," என்றார் விரூபாட்சர். "பால் நாறுகிறது. இவளுடைய அடுப்பில் சட்டி இருக்கிறது. சட்டியில் குழம்பு ஒட்டியிருக்கிறது. நான் யார்மீதும் வீணாகப் பழி சொல்பவன் அல்லன். மூக்கு இருப்பவர் எவரும் போய்ப் பார்க்கலாம்."

"பாக்கணும்னா சீக்கிரம் பாருங்க, சாமி," என்றாள் ஒச்சம்மாள். "கொஞ்சந்தான் மிச்சம் இருக்கு."

யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்.

"பூண்டு எப்படி உள்ளே வந்தது?" என்று விரூபாட்சர் கேட்டார்.

சிற்றம்பலம் மூன்றாம் வரிசையில் நின்றார். ஒச்சம்மாள் அவர் பக்கம் பார்க்கவில்லை.

"கொட்டகையிலேருந்து நான்தான் எடுத்தேன்."

"பிள்ளை பெற்றவள் எழுந்து அவ்வளவு தூரம் போனாயா?"

"பசிச்சா நடக்கலாம், சாமி."

சிற்றம்பலம் தமக்கு முன்னால் நின்றவரின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்மை கேட்டார்: "விரூபாட்சரே, விதி என்ன சொல்கிறது?"

"பூண்டை உள்ளே கொணர்ந்தவர் மூன்று பகலும் மூன்று இரவும் வாசலுக்கு வெளியே கொட்டகையில் இருக்கவேண்டும். நான்காம் நாள் ஆற்றில் மூழ்கி, அவை முன் தம் பெயரைச் சொல்லி, உள்ளே வரவேண்டும்."

கூடத்துக்கு வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. கொட்டகைக்குச் சுவர் இல்லை என்பது எல்லாருக்கும் தெரியும்.

"கொணர்ந்தவரா, உண்டவரா?" என்றார் அம்மை.

"கொணர்ந்தவர் என்றே இருக்கிறது."

"நல்லது. மாலைப் பூசை முடிந்ததும் கொணர்ந்தவர் வெளியே போகட்டும்."

அம்மை ஒருவரையும் பார்க்காமல் எழுந்து போனார்.

சிற்றம்பலம் முதலில் தொழுவத்துக்குப் போனார். ஒச்சம்மாள் குழந்தையைச் சுற்ற ஒரு சாக்கை வெட்டிக்கொண்டிருந்தாள்.

"என் பெயரை ஏன் சொல்லவில்லை?"

"சொல்றதுக்கு உங்களுக்கே வாய் இருந்துச்சே, சாமி."

அவர் கதவுப் பக்கம் திரும்பினார்.

"புண்ணியத்துக்குச் செஞ்சேன்னு நெனைக்காதீக," என்றாள் அவள். "உங்களை வெளிய அனுப்பிட்டா எனக்கு யாரு சோறு கொண்டாருவா? அந்தக் கணக்குதான். இப்பப் பாத்தா அதுவும் தப்பாப் போச்சு. புண்ணியமும் இல்ல, சோறும் இல்ல." சாக்கின் முனையைப் பல்லால் கிழித்தாள். "கொட்டகைல சாரல் எந்தப் பக்கமா அடிக்கும்? அதை மட்டும் சொல்லுங்க. பிள்ளையை மறு பக்கம் போடணும்."

சிற்றம்பலம் சாரல் அடிக்கும் பக்கத்தைச் சொல்லவில்லை. அம்மையிடம் போனார்.

"அம்மை, அவளை மன்னிக்க உங்களால் முடியும்."

"முடியும்."

"மன்னியுங்கள்."

"எவரை?"

சிற்றம்பலம் தலை குனிந்தார். பிறகு சொன்னார்: "விதியை மாற்றலாமே. பிள்ளை பெற்றவர்க்கு விலக்கு என்று ஒரு வரி சேர்த்தால் போதும். நீங்கள் ஆணையிட்டால் நானே மடைப்பள்ளியில் சமைத்துக் கொடுக்கிறேன். ஆணை இருந்தால் ஒருவரும் ஒன்றும் சொல்ல முடியாது."

"ஒருவரும் ஒன்றும் சொல்ல முடியாது," என்று அம்மை திருப்பிச் சொன்னார்.

"ஆம், அம்மை."

"ஏழு முறை பாலில் வேகவைத்தீர் என்று கேள்விப்பட்டேன்."

சிற்றம்பலம் நிமிர்ந்து பார்த்தார்.

"இது எட்டாவது பால்," என்றார் அம்மை.

கூரையிலிருந்து பாத்திரத்தில் துளி விழுந்தது. சிற்றம்பலம் அறையைவிட்டு வெளியே வந்தார்.

மாலைப் பூசைக்கு இன்னும் நேரம் இருந்தது. சிற்றம்பலம் முற்றத்தைக் கடந்து, படியை இறங்கி, கொட்டகைக்குப் போனார். பானையில் கைவிட்டு அள்ளினார். மேல்துண்டில் போட்டார். முடிச்சுப் போடவில்லை. இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு, ஆற்றுப்பக்கம் திரும்பாமல், படியில் ஏறி உள்ளே வந்தார். முற்றத்தில் ஐந்தாறு பேர் நின்றார்கள். விலகி வழிவிட்டார்கள்.

மடைப்பள்ளியின் பெரிய அடுப்பில் சட்டியை ஏற்றினார். நல்லெண்ணெய் ஊற்றினார். வெந்தயம் பொரிந்தது. பூண்டைப் போட்டார். முதலில் வெள்ளையாக இருந்தது, பிறகு தந்தத்தின் நிறம், பிறகு பொன். கருகினால் கசக்கும் என்பது நினைவிருந்தது, அடுப்பைத் தணித்தார். இரண்டு பல்லை எடுத்து அம்மியில் வைத்தார். குழவியை ஓங்கினார்.

நாற்றம் எழுந்தது. இம்முறை முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

அது மடைப்பள்ளிக் கதவைத் தாண்டியது. கூடத்துக்குள் போனது. பூசையறையில் சந்தனம் அரைத்துக்கொண்டிருந்த விரூபாட்சரைத் தேடிப் போனது. அவர் சந்தனக் கையோடு வந்து மடைப்பள்ளி வாசலில் நின்றார்.

"நீரா?"

"நான்தான்."

"இந்த அடுப்பிலா?"

"இந்த அடுப்பில்தான். நேற்று அவளுக்குக் கொணர்ந்தவனும் நான்தான். அதற்கு முன்பு ஏழு முறை பாலில் வேகவைத்துக் கொணர்ந்தவனும் நான்தான்."

"பதினோரு ஆண்டு, சிற்றம்பலம்! உம்மைப்பற்றி ஒருவர் ஒரு சொல்..."

"இனிச் சொல்வார்கள்," என்றார் சிற்றம்பலம். "மிளகுக் கிண்ணத்துக்கு முன்னால் நிற்கிறீர். கொஞ்சம் விலகும்."

விரூபாட்சர் விலகினார். ஏன் விலகினோம் என்று அவருக்கே தெரியவில்லை.

எண்ணெய் மேலே மிதக்கும்வரை குழம்பு சுண்டியது. சிற்றம்பலம் சட்டியைத் துணியால் பிடித்துத் தூக்கிக்கொண்டு, முற்றத்தின் நடுவாக, எல்லாரும் பார்க்கத் தொழுவத்துக்குப் போனார். ஒச்சம்மாள் மூட்டையைக் கட்டி முடித்திருந்தாள்.

"மூட்டையை அவிழ்," என்றார். "போவது நான்."

அவள் சட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். கரண்டியால் ஒரு சொட்டு எடுத்து உள்ளங்கையில் விட்டு நக்கினாள்.

"உப்பு கம்மி," என்றாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு மூட்டையை அவிழ்த்தாள்.

மாலைப் பூசை முடிந்தது. தீபம் கொண்டுவந்தவர் சிற்றம்பலத்தின் முன் நிற்காமல் கடந்து போனார். பதினோரு ஆண்டுகளில் அவருக்குப் பக்கத்தில் இடைவெளி விட்டு மற்றவர்கள் நின்றது அன்றுதான். அவர் படியை இறங்கிக் கொட்டகைக்குப் போனார். சாரல் வடக்கேயிருந்து அடித்தது. தெற்குக் கம்பத்தடியில் உட்கார்ந்துகொண்டார்.

விடிந்தபோது மழை தூறலாகியிருந்தது. அம்மை படி இறங்கி வந்தார். கையில் ஒரு காலிக் கிண்ணம்.

"பதினைந்து பல் எடுத்துக் கொடும்."

சிற்றம்பலம் ஆற்றோரத்தில் இருந்தார். இடுப்புவரை நனைந்திருந்தது. ஓடிவந்து பானையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். கொடுத்த பிறகே கேட்டார்.

"மருந்து எவருக்கு, அம்மை? நோயாளி ஒருவரும் வரவில்லையே."

"ஒச்சம்மாளுக்கு. நீர் இங்கே இருக்கிறீர். அங்கே எவராவது சமைக்கவேண்டும்."

"விதி?"

"விதி அப்படியே இருக்கிறது. நீர் உள்ளே வரும் நாளில் நான் வெளியே வருவேன். அதற்குள் இந்த ஓலையைச் சரிசெய்து வையும். எனக்குச் சாரல் ஆகாது."

அம்மை திரும்பினார். சிற்றம்பலம் ஆற்றுக்கே போய் மறுபடி குனிந்து உட்கார்ந்தார். மண்ணை அள்ளி விரல்களில் தேய்த்தார். அலசினார். மூக்கருகே கொண்டுபோனார். பக்கத்தில் ஒரு கல்லின்மேல் ஊறிய புளி உருண்டை இருந்தது. அதைப் போட்டுத் தேய்த்தார். அம்மை படியில் நின்று பார்த்தார்.

"விடிவதற்கு முன்பே தொடங்கிவிட்டீரோ?"

"போகவில்லை, அம்மை," என்றார் சிற்றம்பலம். "மண் போட்டும் போகவில்லை. புளி போட்டும் போகவில்லை. நகக்கண்ணில் நிற்கிறது. நான்காம் நாள் அவை முன் எப்படி நிற்பேன்?"

தொழுவத்துப் பக்கம் ஒரு மாடு கத்தியது. அதற்குப்பின் அமைதியாக இருந்தது.

"அவள் சட்டியை வழித்து உண்டுவிட்டாள்," என்றார் அம்மை. "பிள்ளை வயிறு நிறையக் குடித்துவிட்டுத் தூங்குகிறது. நீர் எதைக் கழுவுகிறீர்?"